சீட்டில் எழுதிய கால் மணி நேரம்

ஜனவரி 12

அன்புத் தம்பி எண்ணெய்க்குடத்துக்கு,

அக்கா எழுதுவது. இரண்டு முட்டியைத் தவிர என் உடம்பில் மற்ற சாமான்கள் எல்லாம் சௌக்கியம். முட்டி மட்டும் மாடிப்படியைக் கண்டால் மாமியாரைக் கண்ட மருமகள் மாதிரி முறைத்துக்கொள்கிறது. நீ எப்படி இருக்கிறாய்? தூர்வாரும் கப்பலில் ஏறி எட்டு மாதம் ஆயிற்று. வாரிய சேற்றுக்கு இந்நேரம் கடலுக்குள்ளேயே ஒரு கிணறு தோண்டியிருப்பீர்கள்.

கப்பல் ரேடியோவில் பேசலாமே என்று எழுதியிருந்தாய். நான் உன்னைத் திட்டுவதை எதற்கு இருபத்திரண்டு பேர் கேட்க வேண்டும்? நாலாம் வகுப்போடு நின்றவள்தான். ஆனாலும் வாரம் ஒருமுறை போகும் சாமான் படகுக்கு ஒரு கடிதம் எழுத அந்த நாலு வகுப்பு போதும்.

ஆஸ்பத்திரியில் எனக்கு வேலை மாறிவிட்டது. இனிமேல் தரை துடைக்க வேண்டாம். ரத்தம் தூக்க வேண்டும். செப்சிஸ் என்று ஒரு நோய். எங்கேயோ பிடித்த கிருமி ரத்தத்தில் இறங்கி உடம்பு முழுவதையும் ஆட்டி வைக்கும். அந்த நோயாளிகளின் ரத்தத்தைப் பார்த்து யார் தேறுவார்கள், யார் தேறமாட்டார்கள் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா என்று ஒரு டாக்டரம்மா ஆராய்ச்சி பண்ணுகிறாள். நான் வைத்த பேர் ரத்த ஜோசியர். காதில் விழுந்துவிட்டது. கோபிப்பாள் என்று பார்த்தால் சிரித்தாள். "ஜோசியர் சொன்னது பலிக்கலேன்னா அவருக்குக் கெட்ட பேரு. நான் சொன்னது பலிக்காம ஒருத்தர் எழுந்து நடந்தா நான்தான் முதல்ல சந்தோஷப்படுவேன், அக்கா" என்றாள்.

நாலாம் மாடியில் தீவிர சிகிச்சை அறை. அங்கே இருந்த ரத்தம் பார்க்கும் மெஷின் ரிப்பேர். அதனால் டியூபை ஐஸ் பெட்டியில் வைத்துக் கீழே பரிசோதனைக்கூடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். கால் மணி நேரத்துக்குள் போய்ச் சேர வேண்டும். எத்தனை நிமிஷம் ஆனது என்று ஒரு சீட்டில் எழுத வேண்டும். ரத்தத்துக்கு எதற்கடா ஐஸ், அது என்ன மீனா? வாசலில் எல்லோரும் என்னை ஐஸ்காரி என்கிறார்கள்.

உன் பெண்டாட்டி, அந்த மகாராணி, எப்படி இருக்கிறாள் என்று நான் கேட்கவில்லை. நாலு வருஷத்துக்கு முன்பு, முப்பது பேர் சாப்பிட உட்கார்ந்த இடத்தில், "என் தம்பி வேலைக்காகவா கடலுக்குப் போனான், இவ சமையலுக்குப் பயந்து ஓடினான்" என்று ஒரு வார்த்தை வேடிக்கையாகச் சொன்னேன். இலகுவாகச் சிரித்திருந்தால் முடிந்திருக்கும். எழுந்து போனவள்தான். இரண்டு தெரு தள்ளி இருந்துகொண்டு இன்றுவரை பேச்சில்லை. சொன்னதைத் திருப்பி எடுத்துக்கொள்ள எனக்கும் தெரியவில்லை. அதை விடு.

வேளைக்குச் சாப்பிடு.
உன் அக்கா

*

ஜனவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

உன் முட்டிக்கு முதல் வணக்கம், பிறகு உனக்கு. இங்கே நான் நலம். எஞ்சின் சூடு, சேற்று நாற்றம், சமையல்காரரின் ரொட்டி, மூன்றும் நேற்று மாதிரியே இருக்கின்றன.

ஒரு காரியம் சொல்ல வேண்டும். விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதே. அவளுக்கு விலாப்பக்கம் வலி என்று போன கடிதத்தில் ஒரு வரி எழுதியிருந்தாள். ஒரு வரிதான். அவள் ஒரு வரி எழுதினால் பத்து வரி வலி என்று அர்த்தம். டாக்டரிடம் போனாளா என்று தெரியவில்லை. நீ ஆஸ்பத்திரியிலேயே இருக்கிறாய். ஒரு எட்டு போய்ப் பார்த்துவிட்டு வா. பேச வேண்டாம், பார்த்தால் போதும்.

உன் வாய் நலமாக இருக்கும் என்று தெரியும். மற்றதை எழுது.

தம்பி

*

பிப்ரவரி 8

எண்ணெய்க்குடமே,

நான் நலம். உன் உடம்பு எப்படி? தூக்கம் வருகிறதா? அங்கே காற்று பலமாம். ஒல்லிப்பயல், கம்பியைப் பிடித்துக்கொண்டு நட.

நீ சொன்ன காரியம். அவள் வீட்டுக்குப் பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாவிடம் விசாரித்தேன். "பால் வாங்கப் போறா, வர்றா, நல்லாத்தான் இருக்கா" என்றாள். அப்புறம் நான் எதற்கு? நான் போய் நின்றால் அவளுக்கு இல்லாத வலியும் வந்துவிடும். தெரு முனை வரைக்கும் போனேன். அதுவும் சோப்பு வாங்கத்தான் போனேன்.

ரத்த ஜோசியர் எனக்கு ஒரு பாடம் நடத்தினாள். ரத்தத்தில் லாக்டேட் என்று ஒரு சத்து. உடம்பு மூச்சுமுட்டித் தவிக்கும்போது அது ஏறும். ஆனால் ஏறி இருப்பது மட்டும் கணக்கில்லையாம். முதல் டியூபுக்கும் ஆறு மணி நேரம் கழித்து எடுக்கும் டியூபுக்கும் நடுவில் எண் இறங்குகிறதா என்பதுதான் விஷயமாம். பத்தில் ஒரு பங்காவது இறங்கினால் மருந்து கேட்கிறது, ஆள் பிழைக்க வழி உண்டு. இறங்காமல் அடம் பிடித்தால் உள்ளே இன்னும் ஏதோ எரிகிறது. "நெருப்ப அணைச்சாச்சான்னு புகையப் பாத்துச் சொல்ற மாதிரி" என்றாள். எனக்கே புரிந்துவிட்டது என்றால் பார்த்துக்கொள்.

டியூபில் பேர் கிடையாது, எண்தான். இதுவரை முப்பத்தெட்டு பேர். நான் ஒவ்வொருவருக்கும் மனசுக்குள் ஒரு பேர் வைத்துக்கொண்டு தூக்குகிறேன். சீட்டு எழுதுவதும் பழகிவிட்டது. எல்லாவற்றுக்கும் பதினைந்து என்று போட்டுவிடுவேன். பதினைந்து எழுத எனக்கு அழகாக வரும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அக்கா

*

பிப்ரவரி 22, காலை

என் கண்ணான தம்பிக்கு,

முதலில் நல்ல செய்தி: அவள் பிழைத்துக்கொண்டாள். இப்போது உட்கார்ந்து படி.

நேற்றுக் காலை தையல்காரம்மாதான் அவளை வண்டியில் போட்டுக் கொண்டு வந்தாளாம். விலாவில் இருந்தது கல். சிறுநீரகத்துக் குழாயில் அடைத்து, சீழ் பிடித்து, கிருமி ரத்தத்தில் இறங்கிவிட்டது. குளிர் ஜுரம், ரத்த அழுத்தம் கீழே, பேச்சு குழறல். உள்ளே ஒரு குழாய் போட்டுச் சீழை வடிய விட்டு, நாலாம் மாடியில் சேர்த்திருக்கிறார்கள். எனக்கு எதுவும் தெரியாது. நாற்பத்தொன்றாம் எண் என்று முதல் டியூபைக் கொடுத்தார்கள், எடுத்துக்கொண்டு போனேன். லிப்ட் நின்றுவிட்டது, கொஞ்சம் நேரமாயிற்று, அது கிடக்கட்டும். மாலை நாலு மணிக்கு இரண்டாவது டியூப் வாங்க உள்ளே போனேன். கட்டிலில் உன் மகாராணி.

தம்பி, நான் அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியில் இறங்கிய வேகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். முட்டி என்று ஒன்று இருப்பதே மறந்துவிட்டது. பதினோரு நிமிஷம்!

முதல் எண் நாலு புள்ளி ஒன்பது. இரண்டாவது நாலே நாலு. கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு இறங்கிவிட்டது. ஜோசியர் என் தோளைத் தட்டி, "உங்க ஆளு கெட்டி, அக்கா" என்றாள். மேலே கட்டில் போதவில்லை, காத்திருக்கிறார்கள். இவள் தேறுவதால் இன்று மதியமே சாதாரண வார்டுக்கு மாற்றப் போகிறார்களாம்.

உனக்கு ரேடியோவில் சொல்லச் சொல்லி நேற்றே கப்பல் ஆபீசுக்குத் தகவல் கொடுத்திருந்தேன், இன்று அங்கிருந்து ஆள் வந்தார். இன்றைய வெள்ளிக்கிழமைப் படகிலேயே நீ இறங்கி வரவா என்று கேட்டாயாம். வராதே என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஒப்பந்தம் முடிய இன்னும் நாலு மாதம். பாதியில் இறங்கினவனை அந்தக் கப்பல் மறுபடி ஏற்றாது. நான் இருக்கிறேன். எண் இறங்கிவிட்டது. நீ நிம்மதியாக இரு.

இன்றைய படகைப் பிடிக்க வேண்டும். ஓடுகிறேன்.
அக்கா

*

மார்ச் 1

அன்புள்ள அக்கா,

நான் நலம் என்று இந்த முறை மனதாரச் சொல்கிறேன். உன் கடிதத்தை எஞ்சின் அறையில் எல்லோருக்கும் சத்தமாகப் படித்துக் காட்டினேன். நாலு புள்ளி ஒன்பது, நாலு என்று சமையல்காரர் சுவரில் கரியால் எழுதிவைத்திருக்கிறார். எல்லோருக்கும் சர்க்கரை கூடப் போட்டு டீ.

ரேடியோவில் உன் பதில் வந்தபோது பையைக் கட்டி வைத்திருந்தேன். அக்கா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவிழ்த்துவிட்டேன். வெள்ளிக்கிழமைப் படகு என் கண் முன்னால் போயிற்று. பரவாயில்லை.

இப்போதாவது அவளிடம் ஒரு வார்த்தை பேசு. படுத்திருப்பவள் எழுந்து போக முடியாது. இதைவிட நல்ல சந்தர்ப்பம் உனக்கு வராது.

உன் முட்டிக்கு என் முத்தம்.
தம்பி

*

மார்ச் 15

அன்புள்ள அக்காவுக்கு,

அங்கே எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள்? இரண்டு படகு வந்துவிட்டது, இரண்டிலும் உன் கடிதம் இல்லை. படகுக்காரரிடம் மூட்டையை உதறச் சொன்னேன். வெங்காயம்தான் விழுந்தது.

ரேடியோவில் ஆபீஸ்காரர் "தேறி வருகிறார்" என்கிறார். ஏன் இன்னும் ஆஸ்பத்திரி என்று கேட்டால் அவருக்குத் தெரியவில்லை. நீ சாதாரண வார்டு என்று எழுதினாயே?

நீ தண்ணீருக்குள் மூழ்கினாலும் குமிழி விட்டுப் பேசுகிறவள். நீ பேசாமல் இருப்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. இரண்டு வரி போதும்.

தம்பி

*

மார்ச் 20

அன்புள்ள தம்பிக்கு,

நலம். உன் நலத்துக்கு எழுதவும்.

அவள் நன்றாக இருக்கிறாள். முந்தாநாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவள் தங்கை வந்து துணைக்கு இருக்கிறாள். மூன்று மாதம் அலுப்பு இருக்கும் என்றார்கள். சாப்பிடுகிறாளாம்.

எனக்கு வேலை மாறிவிட்டது. இப்போது துணி வெளுக்கும் பகுதியில் இருக்கிறேன். படி ஏற வேண்டாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அக்கா

*

மார்ச் 29

அக்கா,

நான் நலம். உன் கடிதம் நலமாக இல்லை.

பன்னிரண்டு வரி. மூன்று தரம் எண்ணினேன். என்னை ஒரு தரம்கூடத் திட்டவில்லை. எண்ணெய்க்குடம் இல்லை, மகாராணி இல்லை. "சாப்பிடுகிறாளாம்" என்று எழுதியிருக்கிறாய். அப்படியானால் நீ போய்ப் பார்க்கவில்லை. இரண்டு மாதம் முன்னால் ஊரெல்லாம் பெருமை அடித்துக்கொண்ட ரத்தம் தூக்கும் வேலையை விட்டு, அழுக்குத் துணிக்கு ஏன் போனாய்? முட்டி என்று சொல்லாதே. அங்கே நாள் முழுக்க நிற்க வேண்டும்.

அவளும் எழுதினாள். நாலு வரி. கை இன்னும் நடுங்குகிறதாம். கடைசி வரியில், "உங்க அக்காவக் கேளுங்க, அவங்க சொல்லட்டும்" என்று எழுதியிருக்கிறாள்.

கேட்கிறேன். சொல்.

தம்பி

*

ஏப்ரல் 7

தம்பிக்கு,

நலம் விசாரிக்கும் யோக்கியதை இந்தக் கடிதத்துக்கு இல்லை. இருந்தாலும் கேட்கிறேன், சுகமா?

நாலு எழுதிக் கிழித்துவிட்டேன், இது ஐந்தாவது. முதலிலிருந்து சொல்கிறேன்.

அன்று முதல் டியூபை வாங்கும்போது ஐஸ் தீர்ந்திருந்தது. ஐஸ் மெஷின் கட்டடத்தின் அந்தக் கோடியில். யார் நடப்பது என்று டியூபை மேல்சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். லிப்டுக்கு வந்தால் அது நின்றுபோயிருந்தது. படியில் இறங்கலாம். முட்டியைச் சாக்கு வைத்து நின்றேன். அங்கே லிப்ட்காரரும் இன்னும் ஐந்தாறு பேரும் நின்றிருந்தார்கள். கூட்டத்தைக் கண்டால் என் வாய் சும்மா இருக்குமா? கதை சொன்னேன். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஐம்பது நிமிஷம் போயிற்று. கீழே போய்ச் சீட்டில் பதினைந்து என்று எழுதினேன்.

என்ன கதை என்று கேட்காமல் விடமாட்டாய். "என் தம்பி பொண்டாட்டி சமையலுக்குப் பயந்து அவன் கடலுக்கே ஓடிட்டான்." அதுதான். அவள் ரத்தம் என் பையில் இருந்தது.

மறுநாள் மதியம், உனக்கு அந்தக் கடிதத்தைப் படகில் ஏற்றிவிட்டு வந்தேன். பரிசோதனைக்கூடத்தில் டியூப் வாங்கும், மூக்குக்கண்ணாடி போட்ட கண்ணாடியம்மா என்னைக் கூப்பிட்டாள்.

"ஏங்க்கா, நேத்து அந்த நாப்பத்தொண்ணு டியூபு கையில வாங்கறப்போ வெதுவெதுன்னு இருந்துச்சே, என்னாச்சு?"

"பையில வச்சிருந்தேன். ஏன், சூடா இருந்தா என்ன, செத்த ரத்தம்தானே?"

"யாரு சொன்னா செத்துப்போச்சுன்னு? டியூபுக்குள்ளயும் அது சர்க்கரையத் தின்னுக்கிட்டேதான் இருக்கும். தின்னத் தின்ன லாக்டேட் தானா ஏறும். அதத் தூங்க வைக்கத்தான் ஐஸு. நீங்க கால் மணின்னு எழுதியிருந்தீங்களேன்னு பரவாயில்லன்னு போட்டேன்."

நாலாம் வகுப்புக் கணக்குதான். ஆனால் அந்தக் கணக்கு எனக்கு உடனே வந்தது. முதல் எண் அவள் உடம்பில் ஏறியது இல்லை, என் பையில் ஏறியது. நிஜத்தில் அது நாலாகத்தான் இருந்திருக்கும். அப்படியென்றால் ஆறு மணி நேரத்தில் எதுவுமே இறங்கவில்லை. உள்ளே எரிந்துகொண்டுதான் இருக்கிறது. அவளை வெளியே அனுப்பப் போகிறார்கள். இறங்கிவிட்டது என்று உன்னையும் வராதே என்று சொல்லிவிட்டேன்.

நாலு மாடி ஏறினேன். அவளைத் தள்ளுவண்டியில் படுக்க வைத்து லிப்ட் வாசலில் நிறுத்தியிருந்தார்கள். அந்தப் பாழாய்ப்போன லிப்ட் மறுபடி நின்றிருந்தது. என் வாழ்நாளில் அந்த லிப்டைக் கும்பிடத் தோன்றியது அன்று ஒரு நாள்தான். ஜோசியர் பக்கத்தில் நின்றாள். எனக்கு மூச்சு வாங்கியது.

"டாக்டர், கொண்டுபோகாதீங்க. அந்த நாலு புள்ளி ஒம்பது பொய். நான் பொய் எழுதினேன்."

அவள் என்னைப் பார்த்தாள். ஒரு கேள்வி கேட்கவில்லை. "வண்டியத் திருப்புங்க" என்றாள். உடனே ரத்தம் எடுத்தார்கள். நான் தூக்கவில்லை, வேறு ஆள். நாலு புள்ளி ஆறு. ஏறிக்கொண்டிருந்தது. படம் எடுத்துப் பார்த்தால், முதல் நாள் போட்ட குழாய் சீழால் அடைத்துக் கிடந்தது. மாற்றினார்கள். அதற்குப் பிறகும் மூன்று நாள் எதுவும் சொல்ல முடியாது என்றார்கள். மூன்றாம் நாள் இரண்டு புள்ளி ஒன்பது. அப்புறம் இரண்டு. அப்புறம் ஒன்றரை.

பிறகு ஜோசியர் என்னைத் தனியாக உட்கார வைத்துக் கேட்டாள். "மத்த நாப்பது சீட்டுல எத்தனை பொய், அக்கா?"

"தெரியாது, டாக்டர். எல்லாத்துக்கும் பதினஞ்சுன்னுதான் போட்டேன்."

அவள் பேனாவை மூடி வைத்தாள். "தெரியாதுன்னு சொன்னீங்க பாருங்க, உங்ககிட்டேருந்து வந்ததுல அதுதான் சரியான பதில்" என்றாள். அவள் இதுவரை செய்த வேலையையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு, ஒன்றாம் எண்ணிலிருந்து ஆரம்பிக்கிறாள். என்னைத் திட்டியிருந்தால் தேவலை. எங்கள் ஆஸ்பத்திரி வேலையாட்களின் மேஸ்திரி என்னைத் துணிக்கு மாற்றினார். அது சரிதான்.

இது எல்லாம்கூட இல்லை, தம்பி. அந்த மூன்று நாளில் உனக்கு வா என்று சொல்லி அனுப்பியிருக்க வேண்டும். கப்பல் ஆபீஸ் வாசல் வரைக்கும் போனேன். வராதே என்று சொன்ன வாய் வா என்று சொன்னால், ஏன் என்று கேட்பாயே. அந்த ஏனுக்குப் பயந்து திரும்பிவிட்டேன். அவளுக்கு ஏதாவது ஆகியிருந்தால் நீ முகம்கூடப் பார்த்திருக்க மாட்டாய். அதை நான் செய்தேன்.

அவளைக் கண்ணாடிக்கு வெளியிலிருந்து தினமும் பார்த்தேன். உள்ளே போகவில்லை.

அக்கா

*

மே 2
(தங்கை கையில் கொடுத்தனுப்புவது)

அண்ணிக்கு,

நான் நலம் என்று முதல் தடவையாக உங்களுக்கு எழுதுகிறேன். உங்கள் முட்டி எப்படி? துணிக்கு நின்று நின்று வீங்கிவிட்டது என்று தையல்காரம்மா சொன்னார். அவரிடம் நீங்கள் என்னைப் பற்றி விசாரிப்பீர்கள், நான் உங்களைப் பற்றி விசாரிப்பேன். பாவம், இரண்டு பக்கமும் சம்பளம் இல்லாத வேலை.

பேச்சுதானே நமக்குள் இல்லை, எழுதினால் யார் தடுக்கப் போகிறார்கள் என்று எழுதுகிறேன்.

டாக்டரம்மா எனக்கு எல்லாம் சொல்லிவிட்டார். சொல்ல வேண்டியது அவர் கடமையாம். கேட்டுவிட்டு இரண்டு நாள் உங்கள் மேல் அப்படியொரு கோபம். மூன்றாம் நாள் நினைத்துப் பார்த்தேன். அந்தத் தள்ளுவண்டியில் எனக்குப் பாதி நினைவு இருந்தது. "நான் பொய் எழுதினேன்" என்று ஒரு குரல் கேட்டது. இந்தக் குரல் எங்கேயோ கேட்டதாயிற்றே என்று நினைத்தேன். நீங்கள் என்று தோன்றவே இல்லை. ஏனென்றால் நீங்கள் தப்பு செய்தேன் என்று சொல்லி நான் கேட்டதே கிடையாது.

அந்தப் பழைய விஷயம். என் சமையலைச் சொன்னதற்கு நான் கோபிக்கவில்லை. அது நன்றாக இருக்காது, எனக்கே தெரியும். ஆனால் ராத்திரியில் தனியாகப் படுத்துக்கொண்டு, இந்த மனுஷன் நிஜமாகவே என்னிடமிருந்து தப்பித்துத்தான் போகிறாரோ என்று நான் நினைப்பதுண்டு. அதை நீங்கள் முப்பது பேருக்கு நடுவில் சொல்லிவிட்டீர்கள். அவ்வளவுதான்.

இருபத்திரண்டாம் தேதி எனக்குத் தொண்ணூறாம் நாள் ரத்தம் எடுக்கிறார்கள். என் ரத்தத்தை என் அண்ணிதான் தூக்க வேண்டும், இல்லாவிட்டால் கையை நீட்டமாட்டேன் என்று டாக்டரம்மாவிடம் சொல்லியாகிவிட்டது. அவரும் மேஸ்திரியிடம் பேசிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வாருங்கள். நான்தான் சமைக்கிறேன். ஓடுவதற்கு உங்களுக்கு முட்டி இல்லை.

உங்கள் தம்பி மனைவி

*

மே 3

அக்கா,

உடம்பு எப்படி இருக்கிறது? எனக்கு உடம்பு நலம்.

மூன்று படகுக்கு நான் எழுதவில்லை. எழுதக்கூடாது என்றுதான் எழுதவில்லை. சீட்டுக்காக இல்லை. அந்த மூன்று நாளுக்காக. நீ சொல்லியிருந்தால் நீந்தியாவது வந்திருப்பேன். இங்கே அந்த மூன்று நாளும் நான் என்ன செய்தேன் தெரியுமா? சர்க்கரை போட்ட டீ குடித்துக்கொண்டு சிரித்தேன். உன் கடிதம் வந்ததும் சுவரில் கரியால் எழுதியதை நானே தேய்த்து அழித்தேன்.

போன வாரம் ஒன்று நடந்தது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கீழே இறங்கி எஞ்சின் சூட்டைப் பார்த்து நோட்டில் எழுதுவது என் வேலை. பத்து வருஷமாகச் செய்கிறேன். எப்போதும் அறுபத்தெட்டுதான் இருக்கும். அதனால் இறங்காமலே அறுபத்தெட்டு என்று எழுதுவேன். அன்று பேனாவை எடுத்தேன், அறுபத்தெட்டில் ஆறு போட்டேன். கை நின்றுவிட்டது. இறங்கிப் போய்ப் பார்த்தேன். எழுபத்தொன்று. பெரிய விஷயம் இல்லை, எண்ணெய் விட்டால் சரியாகிவிடும். ஆனால் கீழே அந்தச் சத்தத்தில் வெகுநேரம் நின்றேன், அக்கா.

என்னிடம் யாரும் டியூபைக் காட்டி ஏன் சூடாக இருக்கிறது என்று கேட்கவில்லை. உன்னிடம் கேட்டார்கள். கேட்டவுடன் நீ நாலு மாடி ஏறினாய். நான் ஏறியிருப்பேனா என்று தெரியவில்லை.

கோபம் முழுக்கப் போய்விட்டது என்று பொய் எழுதமாட்டேன். ஜூன் கடைசியில் வருவேன். மீதியை நேரில் திட்டுகிறேன்.

தம்பி

*

மே 24

என் எண்ணெய்க்குடத்துக்கு,

அக்கா சௌக்கியம். முட்டி சௌக்கியம் இல்லை, காரணம் கீழே வருகிறது. உன் மீதித் திட்டு வந்து சேரட்டும், வாங்கி வைக்க இடம் ஒழித்து வைத்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிடப் போனேன். வாசலில் கால் மணி நேரம் நின்றேன். நிஜமான கால் மணி நேரம், கடிகாரம் பார்த்தேன். கதவைத் திறந்தவள் பாதி ஆளாக இளைத்திருந்தாள். நான் சொல்ல வேண்டியதை அடுக்கி வைத்துக்கொண்டு போயிருந்தேன், வந்தது இவ்வளவுதான். "அன்னிக்கு அப்படிப் பேசியிருக்கக் கூடாதும்மா. அவன் உன்ன விட்டு ஓடல. வாரா வாரம் எனக்கு எழுதறதுல பாதி உன்னப் பத்தித்தான்" என்றேன். அவள் தட்டை வைத்தாள். "சாப்பிட்டுப் பேசுங்க அண்ணி, அப்புறம் பேச வாய் இருக்கோ இல்லையோ" என்றாள். சாப்பிட்டேன். உப்பு கொஞ்சம் அதிகம். நான் எதுவும் சொல்லவில்லை. நம்பமாட்டாய், நிஜமாகவே சொல்லவில்லை.

முந்தாநாள் தொண்ணூறாம் நாள். அவள் நாலாம் மாடியில் உட்கார்ந்து கையை நீட்டினாள். ஜோசியர் எடுத்த டியூபை ஐஸில் புதைத்துக்கொண்டு படியில் இறங்கினேன். லிப்ட் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது, நான் அதை நம்பவில்லை. இரண்டாம் மாடித் திருப்பத்தில் இந்த முட்டி பிடித்துக்கொண்டது. கம்பியைப் பிடித்து நின்று, பக்கவாட்டில் ஒவ்வொரு படியாக இறங்கினேன். லிப்ட்காரர் கூப்பிட்டுப் பார்த்தார், நான் திரும்பவில்லை. கீழே போய்க் கடிகாரத்தைப் பார்த்தால் பதினேழு நிமிஷம்.

கண்ணாடியம்மா என்னைப் பார்த்தாள், சீட்டைப் பார்த்தாள். "ஐஸ்லதானே இருந்துச்சு, ரெண்டு நிமிஷம்தானே அக்கா, இதுக்கா அந்தப் பொண்ண மறுபடி குத்துவாங்க?" என்றாள். நல்ல மனசில்தான் சொன்னாள். எனக்குப் பதினைந்துதான் அழகாக எழுத வரும் என்று சொல்லியிருக்கிறேன். பதினேழு என்று எழுதினேன். ஏழு கோணலாக வந்தது.

விதி விதிதான். இன்னொரு டியூப். நான் மேலே ஏறிப் போய், அவள் முகத்தைப் பார்க்காமல் விஷயத்தைச் சொன்னேன்.

"அண்ணி, உங்க உண்மைக்கெல்லாம் நான்தான் குத்து வாங்கணுமா?" என்று கேட்டுவிட்டு, மற்ற கையை நீட்டினாள்.

எடுத்து முடிந்ததும் எழுந்தாள். "நானும் வர்றேன். வழியில வாய் குடுக்காம பாத்துக்க ஆள் வேணும்." வேண்டாம், நாலு மாடி, உனக்கு இன்னும் தெம்பு வரவில்லை என்று ஜோசியர் சொல்லச் சொல்லக் கேட்கவில்லை. ஒரு கையில் ஐஸ் பெட்டி, ஒரு கையில் அவள். இல்லை, என்னை அவள் பிடித்தாளா, அவளை நான் பிடித்தேனா என்று சரியாகச் சொல்ல முடியவில்லை. அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ஒவ்வொரு மாடிக்கும் நிமிஷத்தைச் சத்தமாகச் சொன்னாள். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. வாசலில் "பதினாலு!" என்றாள். பதினாலு என்று எழுதினேன்.

எண் ஒன்று புள்ளி ஒன்று. உனக்கும் எனக்கும் இருப்பது மாதிரி சாதாரண எண்ணாம். உன் சமையல்காரரை மறுபடி கரி எடுக்கச் சொல்.

திரும்பும்போது லிப்டில் ஏறினோம். உள்ளே ஆறேழு பேர். லிப்ட்காரர் பழைய ஞாபகத்தில், "என்ன ஐஸ்காரம்மா, இன்னிக்குக் கதை ஏதும் இல்லையா?" என்று கேட்டார். எனக்கு உயிரே போயிற்று. உன் மகாராணி ஒரு எட்டு முன்னால் வந்தாள்.

"நான் சொல்றேன் கேளுங்க. இவங்க தம்பி ஏன் கடலுக்கு ஓடினார் தெரியுமா? இந்த அக்கா வாய்க்குப் பயந்து!"

தம்பி, லிப்ட் குலுங்கச் சிரித்தார்கள். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தது நான்தான். சீக்கிரம் வா.

உன் அக்கா